குந்துங்க என்றான் கில்பட்

என் தம்பி கில்பட்டைப் பற்றிக் கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரான எத்தாளையில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் சொல்லுவார்கள். கடலில் அவனை நம்பலாம், வாயை நம்ப ஏலாது. அவன் பொய்யன் என்று நினைக்க வேண்டாம். யாருக்கும் இல்லை என்று சொல்ல வராத வாய் அது. வலையை இரவல் கேட்டாலும் "பாப்பம்" என்பான், தபசு காலத்தில் சேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகத்தில் வேஷம் கட்டக் கூப்பிட்டாலும் "பாப்பம்" என்பான். எங்கள் பக்கத்தில் "பாப்பம்" என்றால் நடக்காது என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். கேட்டவர் முகம் சுருங்காமல் திரும்பிப் போகட்டும் என்று சொல்கிற சொல் அது. அந்தச் சொல்லும் இன்னொரு சொல்லும் சேர்ந்துதான் அவனைப் பொலிசில் கொண்டுபோய் இருத்தின. நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நான் படகில் இருந்தவள். நான் சொல்கிறேன்.

நான் யூஜீனியா. கில்பட்டுக்கு மூத்தவள். அவனை இடுப்பில் தூக்கித் திரிந்த உரிமையில் இன்றைக்கும் அவனுக்கு என்னிடம் ஏச்சு விழும், அவனும் தலையைக் குனிந்துகொண்டு வாங்குவான். நாட்டில் யுத்தம் முடிந்த கையோடு கடல் தடையெல்லாம் எடுத்தார்கள். இனி நல்ல காலம்தான் என்று அவன் சிலாபத்துப் பெண் ஷானிகாவைக் கட்டினான், புதுப் படகு வாங்கினான், வலை வாங்கினான். அந்த வலை ஒரு வருஷம் நிற்கவில்லை. இந்தியப் பக்கத்து இழுவைப் படகுகள் வாரி அள்ளிக்கொண்டு போனபோது வலையும் சேர்ந்து போயிற்று. மீன்பிடி அலுவலகத்தில் முறையிடப் போனோம். அங்கே இருந்த ஐயா, "அது பெரிய நாடு, பெரிய இடத்துல கதைக்கிற அலுவல். நீ போய் வேற வலை வாங்கு" என்றார். கில்பட் "சரி ஐயா" என்று வந்துவிட்டான். நான் அந்த நாளில் இருந்து இந்தியாவைத் திட்டத் தொடங்கியவள்.

பிறகு அரசாங்கத்திடம் காசில்லாமல் நாடே படுத்த வருஷம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் கரை முழுக்கப் படகுகள் மணலில் கிடந்தன. கடலைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தோம். அப்போது இந்தியாக் கப்பல் எண்ணெயோடு வந்தது, மருந்து வந்தது, அரிசியும் வந்தது. வரிசையில் நின்று கலன் நிறைய எண்ணெயோடு வந்த கில்பட், "அக்கா, இனி அவங்களத் திட்டாத. உன்ட வாய்க்குள்ள போற சோறு அவங்க குடுத்தது" என்றான். திட்டாமல் இருக்க நான் என்ன வானத்துச் சம்மனசா? ஒரு கையால் வலையை அறுத்து மற்றக் கையால் எண்ணெய் தந்தால், இரண்டு கையும் ஒரே உடம்பில்தானே இருக்கிறது. ஆனால் அரிசியைத் தின்றேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு இந்தியாவில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் கடலில் மழைக்காலம் விட்ட பிறகு டொல்பின் கூட்டம் கூட்டமாக வரும். முந்தி வெள்ளைக்காரர்தான் பார்க்க வருவார்கள். இப்போது பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் இந்தியர். கில்பட் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் ஆட்கள் இருக்கப் படகுக்குப் புதுப் பலகை போட்டு, நீலச் சாயம் அடித்து, டொல்பின் காட்டுகிறவன் ஆனான். வீட்டுக்குப் பின்னால் மூன்று அறை கட்டினான். சமையல் நான். மீன் பிடித்தவன் மீனைக் காட்டிப் பிழைக்கிறான் என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணினவர்களும் அடுத்த பருவத்தில் பலகை போட்டார்கள்.

அப்படி வந்த குடும்பம்தான் அது. ராமபத்திரன் என்பவர், அவருடைய மனைவி வைதேகி, மகள் இஷிதா. தமிழ் ஆட்கள், ஆனால் இருப்பது டில்லியில். அவருக்கு அங்கே பெரிய உத்தியோகம். உலக நாடுகளின் தலைவர்கள் கூடுகிற கூட்டங்களில் யார் யாரோடு என்ன வியாபாரம் பேசுவது என்று எழுதிக் கொடுக்கிற வேலையாம். மகளுக்கு வயது பத்தொன்பது, அங்கேயே பிறந்து வளர்ந்தவள். நல்ல பிள்ளை. வந்த உடனே என் சமையலறைக்குள் நுழைந்து பானையைத் திறந்து பார்த்தாள். அவளுடைய தமிழ் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற தமிழ். சாப்பாடு, தூக்கம், குளியல் என்று நாலைந்து சங்கதிக்குப் போதும், மற்றதற்கு இங்கிலீஷ்.

வந்த அன்றே ஒரு கூத்து நடந்தது. நான் கதிரைகளை இழுத்துப் போட்டு "இருங்க, இருங்க" என்றேன். மூன்று பேரும் நின்றார்கள். மறுபடியும் "இருங்க" என்றேன். அசையாமல் நின்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன, எங்கள் கதிரையில் இருந்தால் மரியாதை குறைந்து போகுமோ? பிறகுதான் விளங்கியது. அவர்கள் ஊரில் "இருங்க" என்றால் பொறுங்கள் என்று அர்த்தமாம். நான் ஏதோ எடுத்து வரப் போகிறேன் என்று மரியாதையோடு நின்றிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு விட்டதுதான் பிழை.

சாப்பிடும்போது ராமபத்திரன் ஐயா கதைத்தார். நல்லாகத்தான் கதைத்தார், சும்மா சொல்லக்கூடாது. "இப்ப உலகத்துல அஞ்சாவது பெரிய பொருளாதாரம் நாங்க. கொஞ்ச வருஷத்துல மூணாவது. நிலாவுல இறங்கிட்டோம். முன்னெல்லாம் நாங்க போய் அவங்க வாசல்ல நிப்போம், இப்ப அவங்க எங்க வாசலுக்கு வர்றாங்க."

"நல்லம் ஐயா" என்றான் கில்பட்.

"நீங்க விழுந்தப்பக்கூட முதல்ல வந்து தூக்குனது யாரு?"

"நீங்கதான் ஐயா. மறக்கேலுமா?"

"இந்தக் கடல்ல எந்தக் கப்பல் எங்க போகுதுன்னு எங்களுக்குத் தெரியாம இருக்காது."

எனக்கு நாக்கு நமநமத்தது. "எங்கட வலைய அறுத்திட்டுப் போற படகும் தெரியுமா ஐயா?" என்றேன். கில்பட் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். ராமபத்திரன் ஐயா "அது வேற விஷயம்மா" என்றார். அவருடைய மனைவி வைதேகி அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மா அதிகம் கதைக்கிறவர் அல்ல. கதைத்தாலும் ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைக்கிறவர் மாதிரிக் கதைப்பார்.

மறுநாள் காலையில் கடலுக்குப் புறப்பட்டோம். வைதேகி அம்மாவுக்குத் தலைசுற்று வரும் என்று கூட ஒரு பெண் வரட்டும் என்று கேட்டார்கள், அதனால் நானும் ஏறினேன். கில்பட் எல்லோருக்கும் மிதவை ஜாக்கெட் மாட்டி, கொக்கியைத் தன் கையால் பூட்டிவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"கடல்ல நான் ஒண்டு சொன்னா உடனே செய்யணும். ஏன், எதுக்கெண்டு கேட்டிட்டு நிக்கக்கூடாது. சரியா?"

"எங்க ஆபீஸ்ல நான் சொல்றது மாதிரியே இருக்கு" என்று ராமபத்திரன் ஐயா சிரித்தார்.

கரை கண்ணில் இருந்து மறைகிற தூரம் போனோம். இஷிதா அணியத்தில், படகின் முன் முனையில், போனைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். திரும்பித் திரும்பி ஒரே கேள்வி கேட்டாள்.

"அங்கிள், டால்ஃபின் வந்தா தண்ணில குதிக்கலாமா? மாலத்தீவுல நாங்க குதிச்சோமே."

எங்கள் ஆள் என்ன சொல்லுவான்? "பாப்பம் பிள்ளை."

கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும் கேட்டாள். "அங்கிள், இப்பவா?"

"பாப்பம், பாப்பம். பொறுங்க."

நான் அதைக் காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என் காதில் அது இல்லை என்றுதான் விழுந்தது. அந்தப் பிள்ளையின் காதில் வேளை வரும்போது சொல்கிறேன் என்று விழுந்திருக்கிறது.

டொல்பின் வந்தன. ஒன்று இரண்டு இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் முதுகும் வாலுமாகக் கடல் கொதித்தது. நாலாபக்கமும் இருந்து மற்றப் படகுகளும் பாய்ந்து வந்தன. மூன்று பேரும் எழும்பி நின்றுவிட்டார்கள். இஷிதா படம் எடுக்க வசதியாக ஜாக்கெட் கொக்கியை எப்போதோ கழற்றியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் இரண்டு எஞ்சின் பூட்டிய பெரிய படகு ஒன்று எங்களுக்கு முன்னால் குறுக்கே ஓடியது. அது கிளப்பிய அலை ஏற்கெனவே வந்துகொண்டிருந்த பெரிய அலையோடு சேர்ந்து எழும்புவதை கில்பட் கண்டான்.

"குந்துங்க! குந்துங்க! கெதியா!" என்று கத்தினான்.

கரையில் விருந்தாளிக்கு "இருங்க" என்போம். படகில் அலை வரும்போது "குந்துங்க" என்போம். இருந்தால் போதாது, உடம்பைத் தாழ்த்தி ஒடுங்கிக் குந்த வேண்டும். வைதேகி அம்மா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பலகையில் சரிந்தார். இஷிதா திரும்பி கில்பட்டைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். சிரித்துக்கொண்டே கடலில் குதித்தாள்.

மாதாவே! அலை படகைத் தூக்கி அடித்தது. படகு இறங்கிய பக்கத்தில்தான் அவள் இருந்தாள். படகின் விளிம்பு அவளுடைய தலையில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு செம்மஞ்சள் ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்தது. அதற்குள் ஆள் இல்லை.

கில்பட் எஞ்சினை நிறுத்தின கையோடு பாய்ந்தான். ராமபத்திரன் ஐயா நீந்தத் தெரியாத மனிதன், அவரும் பாயப் போனார், நான் அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா மிதந்த ஜாக்கெட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கில்பட் மேலே வந்தான், வெறுங்கை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் போனான். எங்கள் படகு ஓட்ட ஆளில்லாமல் விலகி விலகிப் போனது. நான் "சேசுவே, சேசுவே" என்று கத்திக்கொண்டு கயிற்றை எடுத்தேன், எங்கே எறிவது என்று தெரியவில்லை. இரண்டாம் தரமும் வெறுங்கையோடு வந்தான். அவனும் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளையை விட எனக்கு என் தம்பிதான் முதலில் நினைவுக்கு வந்தான். யாரும் என்னவும் சொல்லட்டும்.

மூன்றாம் தரம் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். கற்பிட்டி ஹயாத்து முகம்மதுவின் படகு அதற்குள் கிட்ட வந்துவிட்டது. "புள்ளய இஞ்சால தா கில்பட்டு! தா!" என்று ஹயாத்து வாங்கிக் கிடத்தி நெஞ்சை அமத்தினார். தண்ணீர் வந்தது. "அல்லாவே, உசிர் ஈக்கி! உசிர் ஈக்கி!" என்று அவர் கத்தினார். உயிர் இருக்கிறது என்றதும் நான் படகுக்குள் விழுந்து அழுதேன்.

நாங்களும் ஹயாத்துவின் படகில் ஏறிக் கரைக்கு வரும் வழியில் இஷிதா ஒரு தரம் கண்ணைத் திறந்தாள். தகப்பனைப் பார்த்து, "அங்கிள் குதிக்கச் சொன்னாரு" என்றாள். பிறகு கண்ணை மூடியவள்தான், கூப்பிட்டாலும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாகனத்திலேயே ராமபத்திரன் ஐயா போனை எடுத்துவிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் "ஜம்ப்" என்ற சொல் தெரியும். நாலைந்து தரம் சொன்னார். நாங்கள் போய்ச் சேரும்போதே வாசலில் பொலிஸ் நின்றது. ஈரக் காற்சட்டையோடு, செருப்பும் இல்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிய என் தம்பியை, பிள்ளையைக் கையில் இருந்து வாங்கிய உடனேயே, தோளில் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே பொலிசுக்கு ஒரு அறை இருந்தது. அங்கே நீளப் பலகை வாங்கில் கில்பட்டை இருத்தி வைத்திருந்தார்கள். அங்கே இருந்த பொலிஸ் பெரியவர் சிங்களவர், கெட்ட மனிதன் அல்ல. ஆனால் அவருடைய போன் ஓயவில்லை. ஒரு தரம் கொழும்பில் இருந்து, ஒரு தரம் அதற்கும் மேலே இருந்து. ஒரு அழைப்புக்குக் கதிரையை விட்டு எழும்பி நின்றுகொண்டே "சேர், சேர்" என்றார். என் தம்பியின் வலை போன நாளில் ஒரு போனும் அடிக்கவில்லை. அந்த நாட்டோடு கதைக்கப் பெரிய ஆட்கள் வேண்டும் என்றார்கள். இன்றைக்கு அந்தப் பெரிய ஆட்கள் எல்லோரும் எங்கே இருந்து முளைத்து வந்தார்கள்?

"பனின்ன கிவ்வத?" என்று பெரியவர் கேட்டார். குதிக்கச் சொன்னாயா?

"நே சேர். வாடிவென்ன கிவ்வே" என்றான் கில்பட். இருக்கச் சொன்னேன்.

"தமிழில் என்ன சொன்னாய்?" என்று சிங்களத்திலேயே கேட்டார்.

"குந்துங்க எண்டேன்."

"குந்து, குதி. ரெண்டும் ஒண்டுதானே?" என்று அவர் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனைப் பார்த்தார். அவனுக்கும் தமிழ் தெரியாது, ராமபத்திரன் ஐயாவின் முறைப்பாட்டில் இருந்துதான் அவர்களுக்குக் "குதி" தெரியும். சிங்களத்தில் அந்த இரண்டு சொல்லும் கிட்டவும் வராது. சிங்களக் குடும்பம் ஒன்றை ஏற்றிப் போயிருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை. ஒரே மொழிக்காரரை ஏற்றித்தான் மாட்டினோம்.

பெரியவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். குதிக்கச் சொன்னதாக வழக்கு எழுதினால் நாளைக்கே நீதிபதிக்கு முன்னால் கோட்டில் நிறுத்தி மறியலில், சிறைக்குள், போட வேண்டும், படகின் அனுமதியும் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்குப் பிறகு ஆண்டவன்தான். ஆனால் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று அந்த ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டால், அவர்கள் விட்டுவிடச் சம்மதிக்கலாம், மறியல் இல்லாமல் முடிக்கலாம்.

நான் ஓடிப்போய் கில்பட்டிடம் சொன்னேன். "கேளுடா. ஒரு மன்னிப்புத்தானே? ஷானிகாவ நினை. ரெண்டு பிள்ளைய நினை."

"இல்ல அக்கா" என்றான்.

எனக்கு நம்ப முடியவில்லை. அவன் வாயில் இருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

"நான் சொல்லாததச் சொன்னேன் எண்டு சொல்ல மாட்டன். சொன்னா, ஒரு பிள்ளையக் கடல்ல தள்ளினவனாகத்தான் இனி இந்தக் கரையில நடக்கணும். மறியலுக்குப் போறன்." சொல்லும்போது அவனுடைய பற்கள் அடித்துக்கொண்டன. குளிரா பயமா தெரியவில்லை. "பிள்ளை கண் திறந்திட்டாவா? அத முதல்ல கேட்டிட்டு வா."

கேட்கப் போனேன். திறக்கவில்லை. தலையைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றாராம் டொக்டர். கொழும்புக்குக் கொண்டுபோக ஹெலிகொப்டர் வரும் என்று நடைபாதை முழுக்க ஒரே கதை. ராமபத்திரன் ஐயா சுவரோடு நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். வைதேகி அம்மா நனைந்த சேலையோடு வாங்கில் இருந்தார், கையில் மகளின் செருப்பு ஒன்று. எனக்கு அவர்களைப் பார்க்க இரக்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் வென்றது.

"ஐயா, அந்தப் போனக் கொஞ்சம் வைங்க" என்றேன். வைக்கவில்லை. அவருக்கு முன்னால் போய் நின்றேன். "என்ட தம்பி குதிங்க எண்டு சொன்னதாகவே வைப்பம். அப்ப நீங்க ஏன் குந்தினீங்க?"

அவர் போனைக் காதில் இருந்து எடுத்தார். "என்ன?"

"உங்கட மகள் குதிச்சா. நீங்க குதிக்கல்ல. நானும் படகிலதான் இருந்தன், ரெண்டு கண்ணாலயும் பாத்தன். அவன் கத்தின உடன நீங்க பலகையில இருந்தீங்க. குதிக்கச் சொன்னவன் சொல்லக் கேட்டு ஏன் இருந்தீங்க ஐயா? சொல்லுங்க!"

"எனக்கு அவர் என்ன சொன்னாருன்னே சரியா கேக்கல. எஞ்சின் சத்தம். வைதேகி புடிச்சு இழுத்தா, நான் உட்கார்ந்தேன்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வைதேகி அம்மா தலையை நிமிர்த்தவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குக் கேட்டுச்சு. குந்துங்கன்னுதான் சொன்னாரு."

"தெரிஞ்சு ஏன்டி காலைல இருந்து..."

"எங்க ஊர்ல அப்படித்தாங்க சொல்லுவோம். திண்டிவனத்துல எங்க ஆயா, எங்கம்மா, எல்லாரும் குந்து குந்துன்னுதான் கூப்பிடுவாங்க. கல்யாணம் பண்ணி டில்லிக்கு வந்தப்புறம் ஒருநாள் உங்க ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி வாய் தவறிச் சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. பட்டிக்காட்டுப் பேச்சுன்னு அன்னிக்கே விட்டுட்டேன். எம் பொண்ணு காதுல அந்தச் சொல் விழவே கூடாதுன்னு வளத்தேன்." அதுவரை கழுவித் துடைத்து வந்த சொற்கள் உடைந்து கொட்டின. "விழல. ஒருநாள்கூட விழல. அவளுக்கு எப்படிங்க தெரியும்? நான்தான், நான்தான் எம் பொண்ணைத் தள்ளிட்டேன்!"

அந்த அம்மா வாங்கில் முட்டிக்கொண்டு அழுதார். ராமபத்திரன் ஐயாவின் கையில் போன் மறுபடியும் அடித்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், எடுக்கவில்லை. நான் திட்டுவதற்கு வைத்திருந்தது எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வைதேகி அம்மாதான் எழும்பினார். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு, "அந்தப் போலீஸ் ரூம் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

கூட்டிக்கொண்டு போனேன். பின்னால் ராமபத்திரன் ஐயாவும் வந்தார். அந்த அம்மா சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். பெரியவர் நம்பவில்லை. தம்பிக்காக நான் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தார். அப்போது ராமபத்திரன் ஐயா முன்னால் வந்து, தானே இங்கிலீஷில் சொன்னார். ஒரு தரம்தான் சொன்னார், அதுவும் மெதுவாக. பெரியவர் உடனே தலையாட்டினார். அவ்வளவுதான், முடிந்தது. கில்பட் காலையில் இருந்து சொன்னதையும், நான் தொண்டை கிழியச் சொன்னதையும், பெற்ற தாய் அழுது சொன்னதையும் ஏற்காதவர், அந்த மனிதன் ஒரு தரம் சொன்னதும் ஏற்றுக்கொண்டார். எனக்கு அதில் சந்தோஷப்படுவதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

"நீ போகலாம்" என்றார் கில்பட்டிடம்.

கில்பட் எழும்பவில்லை. "பிள்ளை?" என்றான்.

நேர்ஸ் ஒருத்தி தேடிக்கொண்டு வந்து நல்ல செய்தி சொல்லும் வரை அந்த வாங்கிலேயே இருந்தான். இஷிதா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாளாம், தாயைக் கேட்டாளாம். அதன் பிறகுதான் எழும்பினான். எழும்பினவன் அப்படியே நிலத்தில் குந்தி, பொலிஸ்காரரின் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ராமபத்திரன் ஐயா அவனைத் தூக்கிவிட்டார். "மன்னிச்சிடுங்க கில்பட்" என்றார். கில்பட் வழக்கம்போல, "பரவால்ல ஐயா, பரவால்ல" என்றான். எனக்குப் பரவாயில்லை என்று விட முடியவில்லை. நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவர்கள் பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார்கள். நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்ததாகவும் செய்தி வந்தது. கில்பட் ஒரு கிழமை, ஏழு நாளும் படகைத் தொடவில்லை. அதற்குப் பிறகு சென்னையில் இருந்து ஒரு கூட்டம் வருகிறோம் என்று அழைப்பு எடுத்தார்கள். பாப்பம் என்று சொல்வான் என்று பார்த்தேன். "வாங்க" என்றான்.

அவர்கள் வருகிற அன்று காலையில் நான் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கில்பட் படகுக்கு அருகே நின்று தனியாகக் கதைக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு, "உக்காருங்க... உக்காருங்க... கெதியா, இல்ல, சீக்கிரம் உக்காருங்க" என்று பாடமாக்கிக்கொண்டிருந்தான். அது அவனுடைய வாய்க்குள் நிற்கவில்லை. நடுவில் "குந்து" என்று வந்துவிட்டது. தன் வாயிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு முதலில் இருந்து தொடங்கினான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியோடு வேலிக்குப் போனேன். "டேய், உனக்கென்ன விசரா? உன்ட கடல், உன்ட படகு. உன்ட வாயில வாறதச் சொல்லு. வாறவங்க நம்மட சொல்லப் படிச்சிட்டு வரட்டும்."

அவன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அவங்க பிழையாப் படிச்சாலும் மறியலுக்குப் போறது நானல்லோ அக்கா" என்றான்.